ஊசித்துளை விழுந்த தினார்கள்

போன வெள்ளிக்கிழமை சந்தையில் ஒருவர் தரையில் விரிப்பைப் போட்டுப் பழைய பச்சைப் பத்து தினார் நோட்டுகளைப் பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் இருந்தது. ஒன்றை எடுத்து உறையைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை அடித்தது. உன் முகம் கண் முன்னால் வந்து நின்றுவிட்டது. நோட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். "பாய், லேலோ, சஸ்தா ஹை" என்று அந்த ஆள் பின்னால் கூவிக்கொண்டே இருந்தார். மலிவுதான், எனக்கும் தெரியும். அந்த நோட்டு ஏன் மலிவு என்று உனக்குச் சொன்னவனே நான்தானே.

நீ போன பிறகு சந்தைக்குப் போவது குறைந்துவிட்டது. போனாலும் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிவிடுகிறேன். நீ கூட வந்த நாட்களில் நான் நோட்டுகளைப் பார்ப்பேன், நீ ஆட்களைப் பார்ப்பாய். இப்போது என் பக்கத்தில் ஆட்களைப் பார்க்க யாரும் இல்லை.

நம்முடைய பழக்கம் ஒரு ஏசியில் தொடங்கியது. குவைத்தில், ஃபஹாஹீலில் எங்கள் ஃபிளாட்டில் ஏசி தண்ணீர் கொட்டுகிறது என்று பில்டிங் காவலாளியிடம் சொன்னோம். மெயின்டனன்ஸ் கம்பெனியிலிருந்து ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நீ வந்தாய். வேலை முடிந்து கை கழுவிவிட்டு வந்தவன், மேஜைமேல் திறந்து கிடந்த என் ஆல்பத்தைப் பார்த்து நின்றுவிட்டாய்.

"சார், இது நம்ம ரூபாதானே? கலர் மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?"

ஒரு காலத்தில் இந்தக் கடற்கரை முழுக்க நம் ரூபாய்தான் புழங்கியது என்றும், பிறகு வளைகுடாவுக்கென்றே தனியாக நிறம் மாற்றி இந்தியா நோட்டு அச்சிட்டது என்றும் சொன்னேன். அங்கே பச்சையாக இருந்த ஐந்து ரூபாய் இங்கே ஆரஞ்சு. எண்ணுக்கு முன்னால் இசட் என்ற எழுத்து இருக்கும். அந்த இசட் இருந்தால்தான் அது வளைகுடா நோட்டு.

"அப்ப அந்தக் காலத்துல வந்தவனுக்கு எக்ஸ்சேஞ்சு ரேட்டு பாக்குற வேலையே இல்ல. குடுத்து வச்சவன்" என்று சிரித்தாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஃபர்வானியாவில் இருந்த உன் ரூமிலிருந்து பஸ் பிடித்து நேராகச் சந்தைக்கே வந்துவிட்டாய். அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. சில மாதங்களில் 'சார்' போய் 'மாப்ள' வந்தது. நமக்கு ஒரே வயது. ஊரும் பக்கம்தான். நீ மணப்பாறை, நான் திருச்சி.

ஒருமுறை ஒரு கிழவரிடம் ஆரஞ்சு ஐந்து ரூபாய் இருந்தது. எனக்குக் கை பரபரத்தது. லென்ஸை வைத்துப் பார்த்தால் எண்ணுக்கு முன்னால் இசட் இல்லை. யாரோ சாதாரணப் பச்சை நோட்டை மருந்தில் ஊற வைத்து நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். நான் எழுந்துவிட்டேன். நீ எழவில்லை. இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவரிடம் கொடுத்து, அரபியிலும் இந்தியிலுமாகப் பேசி, அவர் அதை யாரிடம் எப்படி வாங்கி ஏமாந்தார் என்பதை முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தாய். காரில் ஏறியதும் சொன்னாய்: "நோட்டைப் பாத்தா விலை தெரியும் மாப்ள. அது எப்படி வந்துச்சுன்னு ஆளைக் கேட்டாத்தான் தெரியும்."

அப்படிப்பட்டவன், உன் வீட்டு நோட்டைப் பற்றி மட்டும் வருடக்கணக்கில் என்னிடம் வாய் திறக்கவில்லை.

ஒரு லீவு முடிந்து வந்தபோது ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாய். "எங்கப்பா சம்பாத்தியம். அம்மா பீரோவுல அந்துருண்டை போட்டு வச்சிருந்துச்சு. என்ன தேறும்னு பாரு" என்றாய். காலமாகிவிட்ட உன் அப்பா இதே குவைத்தில் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்தவர், ஈராக் படை நுழைந்தபோது எல்லாரையும்போலப் பாலைவன முகாமில் கிடந்து ஊர் வந்து சேர்ந்தவர் என்பதுவரை எனக்குத் தெரியும். அவர் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது இந்தப் பணம் என்றும், அம்மா பேங்குக்குக் கொண்டுபோனபோது வாங்க மறுத்துவிட்டார்கள் என்றும் அன்றைக்குத்தான் சொன்னாய். உன் அக்காள் கல்யாணத்துக்கு இருந்த நிலத்தை விற்றார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாராவது ஏளனமாகப் பேசினால் அம்மா பீரோவைத் திறந்து காட்டுவார்களாம்: "எம் புருஷன் சம்பாதிக்காம வரல. செல்லாமப் போச்சு, அவ்வளவுதான்."

பிரித்தேன். பச்சைப் பத்து தினார்கள். கறையும் வளைவும் இருந்தன, ஆனால் கை மாறிப் புழங்கிய மடிப்பு ஒன்றில்கூட இல்லை. வரிசையாக எண்களைப் பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் ஒன்றுகூட விடுபடாமல் ஓடின. மாதா மாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் இப்படி வரிசையாக வராது. பிறகு எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோட்டின் மேலும் கீழுமாக அச்சிட்டிருந்த குறியைப் பார்த்தேன். கேட்டலாக்கை எடுத்துச் சரிபார்த்தேன். பார்க்கத் தேவையே இல்லை. சந்தையில் எத்தனையோ முறை பார்த்த குறிதான்.

"என்ன மாப்ள, கள்ள நோட்டா?"

"இல்ல, நல்ல நோட்டு. ஆனா இது வெளியிலயே வராத நோட்டு. பேங்கு இதை ஜனங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே ஈராக் படை பெட்டகத்தை உடைச்சு அள்ளிட்டுப் போன வரிசை. அதனாலதான் அப்புறம் யாரும் மாத்தித் தரல."

நீ ஒரு நோட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாய். "அப்ப இது சம்பளம் இல்ல."

"சம்பளமா இருக்க வாய்ப்பில்ல."

"எங்கப்பா திருடுனாரா?"

யார் கையிலிருந்தும் வந்திருக்கலாம் என்று சொன்னேன். விலை என்ன என்று கேட்டாய். கொள்ளை போனவை கட்டுக் கட்டாக உலகம் பூராவும் சுற்றுவதால் பெரிய விலை இல்லை, போதாததற்கு எல்லா நோட்டிலும் ஊசித்துளை வேறு இருக்கிறது, அது விலையை இன்னும் குறைக்கும் என்றேன். அப்படித்தான் சொன்னேன். நோட்டு பார்க்கிறவன் பேச்சு அது.

"திருட்டு நோட்டுக்கும் ரேட்டு இருக்கு பாரு" என்று சிரிக்கப் பார்த்தாய். சிரிப்பு வரவில்லை. பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் சந்தைக்கு வரவில்லை.

மூன்றாவது வாரம் நீயே போன் செய்தாய். "ஃபர்வானியால ஒரு டெய்லர் இருக்காராம். அப்பாவோட ஒண்ணா ஊருக்குப் போனவராம். தனியாப் போக பயமா இருக்கு. வா."

காசிம் பாயின் கடையில் தையல் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நாம் இருவரும் ஒடுங்கி உட்கார்ந்தது நினைவிருக்கிறது. ராமநாதபுரத்துக்காரர். பார்வை மங்கிவிட்டிருந்தது. உன் அப்பா பெயரைச் சொன்னதும் உன் கையைப் பிடித்துக்கொண்டவர், பேசி முடிக்கும்வரை விடவில்லை. நீ துணியைப் பிரித்து நோட்டுகளைக் காட்டினாய். அவர் நோட்டைப் பார்க்கவில்லை. துணியைத்தான் தடவிப் பார்த்தார்.

"இது நான் தச்சுக் குடுத்த துணி தம்பி" என்றார்.

அவர் சொன்னார்: உன் அப்பா வேலை பார்த்த அரபி குடும்பம் கோடைக்கு வெளிநாடு போயிருந்த நேரம். வீட்டுச் சாவியும் கார்ச் சாவியும் உன் அப்பாவிடம் இருந்தன. படைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். காரை எடுத்துக்கொண்டார்கள். அதோடு போகாமல், ஒரு ஆபீசர் இவர் காரை விற்றதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு நோட்டுக் கட்டை இவர் மூஞ்சியில் வீசிவிட்டுப் போனான்.

"அன்னைக்கு ராத்திரியே என்கிட்ட ஓடி வந்தாரு. இது அரபாபோட காசு, மொதலாளிகிட்ட சேக்கணும், இடுப்புல வச்சுத் தைச்சுக் குடுன்னாரு. கட்டா வச்சா வெளிய தெரியும். பிரிச்சுப் பட்டையா வச்சுத் தைச்சேன். பயத்துல அவசரம், ஊசி நோட்டுக்குள்ளயே ஏறிடுச்சு. முகாம்ல ரொட்டிக்கு அடிதடி. ஒரு நோட்டை உருவுங்க, ரெண்டு பேரும் தின்னுக்குவோம்னு கெஞ்சுனேன். மாட்டேன்னுட்டாரு. எனக்குக் கோவம். ரெண்டு நாள் பேசல."

போர் முடிந்து காசிம் பாய் குவைத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார். அரபாபையும் பார்த்திருக்கிறார். "சாவியை நம்பிக் குடுத்தேன், வித்துத் தின்னுட்டான்னு சொன்னாரு. நான் எவ்வளவோ சொன்னேன். காதுல வாங்கல. உங்கப்பாக்கு இதை எப்படிச் சொல்றது? விசா அனுப்புவாரு, இருங்கன்னு மட்டும் ஊருக்கு ஆள்கிட்டச் சொல்லி அனுப்புனேன்."

வெளியே வந்து காரை நோக்கி நடந்தபோது நீ சொன்னாய்: "எங்கப்பா டெய்லி போஸ்ட்மேன் வர்ற நேரத்துக்குச் சட்டை மாட்டிக்கிட்டு உக்காருவாரு மாப்ள. விசா வரும்னு. நான் கிண்டல் பண்ணிருக்கேன்."

அரபாபின் மகன் ரிக்காவில் அதே வீட்டில் இருப்பதாகக் காசிம் பாய் சொல்லியிருந்தார். போக வேண்டும் என்றாய். எதற்கு என்று கேட்டேன். "குடுக்கணும்னுதானே கொண்டு வந்தாரு. குடுத்துட்டு வந்துடுவோம். கலாஸ், முடிஞ்சுது" என்றாய்.

அன்று சனிக்கிழமை. நீ தேய்த்த சட்டை போட்டிருந்தாய். அரபாபின் மகன் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, நல்ல உயரம். கேட்டருகிலேயே நின்று பேசினார். நாமும் வெயிலில் நின்றோம். நீ பல நாள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த அரபியில் தொடங்கினாய். டிரைவர் என்ற சொல் வந்ததுமே அவர் முகம் மூடிக்கொண்டது. தன் தகப்பனார் சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கார் போனதில் வருத்தமில்லை, எத்தனையோ போயிற்று, பிள்ளை மாதிரி வைத்திருந்த ஆள் விற்றுவிட்டான் என்பதுதான் வருத்தம் என்றார். நீ காசிம் பாய் பெயரைச் சொன்னாய். அவனும் உங்கள் ஊர்க்காரன்தானே என்றார்.

நீ பொட்டலத்தை நீட்டினாய். அவர் ஒரு நோட்டை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம்கூட இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். இவர் உங்களைப் பழைய நோட்டுச் சேகரிப்பவர் என்கிறார். இது சந்தையில் கிடைக்குமா, கிடைக்காதா?

நீ என்னைப் பார்த்தாய்.

"கிடைக்கும். மலிவாகவே கிடைக்கும்" என்றேன்.

உன் கண்ணில் ஏதோ அணைந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் மேலே பேசினேன். சந்தையில் கிடைப்பது உதிரியாகக் கிடைக்கும் என்றேன். இங்கே எண்களைப் பாருங்கள், ஒன்றுகூட விடுபடவில்லை. பட்டையில் மேலே இருந்த நோட்டைப் பாருங்கள், ஓரமெல்லாம் மஞ்சள் கறை. அது வியர்வை. அடுத்ததில் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்ததில் இன்னும் குறைவு. எல்லாவற்றிலும் ஒரே வளைவு, இடுப்பைச் சுற்றிக் கட்டினால் வருகிற வளைவு. ஒரே மூலையில் ஊசித்துளை. துளை இருந்தால் சேகரிப்பவர் எவரும் வாங்க மாட்டார்கள். விற்கிறவன் ஒருநாளும் இப்படிக் குத்த மாட்டான். இதைத் துணியில் வைத்துத் தைத்து உடம்பில் கட்டிக்கொண்டு ஒருவர் நாள்கணக்கில் வெயிலில் கிடந்திருக்கிறார். அப்படிக் கிடந்தும் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

அவர் ஒரு பட்டையைச் சேர்த்துப் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். துளைகள் வழியாக வெளிச்சம் வந்தது. கையைக் கீழே இறக்கவே இல்லை. கேட்டுக்கு உள்ளே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த காரை டிரைவர் வந்து அணைத்தான்.

"என் அப்பா போய்விட்டார்" என்றார் கடைசியில். "இதை நான் இனி யாரிடம் போய்ச் சொல்வது?"

"எங்கப்பாவும் போயிட்டாரு" என்று நீ அரபியில் சொன்னாய். அதற்கு மேல் உன்னிடம் அரபி இல்லை.

நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு கையையும் நீட்டி, "இது என் அப்பாவுடையது. நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது ஃபஹாஹீல் கடற்கரையில் காரை நிறுத்தச் சொன்னாய். "கிடைக்கும்னு நீ சொன்னப்ப உன்னைய அங்கயே விட்டுட்டு ஓடிடலாம் போல இருந்துச்சு மாப்ள."

"பொய் சொல்லியிருக்கணுமா?"

"வேணாம். சொல்லியிருந்தா மிச்சத்தையும் நம்பியிருக்க மாட்டான்." பிறகு, "எல்லாம் சரியாயிடுச்சுல்ல? அப்புறம் ஏன் இப்படிக் கனமா இருக்கு?" என்றாய்.

அம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று அடுத்தடுத்த வாரங்களில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "போன்ல சொல்ற விஷயமா இது? அவரு சம்பாத்தியம்னு இத்தனை வருஷம் காட்டிட்டு இருந்துச்சு. லீவுல போய் பக்கத்துல உக்காந்து மெதுவாச் சொல்லணும்" என்றாய். லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்தாய். கோடை முடியட்டும், இப்போது ஏசிக்காரன் எவனுக்கும் லீவு மாஃபி, கிடையவே கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாய்.

கோடை நடுவில் ஒருநாள் காலை, ஒரு பில்டிங் மொட்டைமாடியில் யூனிட்டைத் திறந்துகொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டாய் என்று உன் ரூமிலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உன்னை மூடியிருந்தார்கள். உன் வலது கை மட்டும் வெளியே இருந்தது. நகக்கண்ணில் ஏசித் தூசி. உன்னை ஊருக்கு அனுப்பும் பேப்பர் வேலைகளுக்காக நானும் உன் ரூம்காரர்களும் அலைந்தோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த அலைச்சல்தான் அது. பெட்டியில் உன் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறார்களா என்று மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

அடுத்த லீவில் மணப்பாறைக்குப் போனேன். உன் மனைவி கதவைத் திறந்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். நீ சொன்னது மாதிரியே பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, எல்லாவற்றையும் சொன்னேன். கார், கட்டு, காசிம் பாய் தைத்தது, முகாமில் ரொட்டி வாங்காதது, பேங்கில் ஏன் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது. அம்மா அழவில்லை. புடவைத் தலைப்பின் நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அது அவரு சம்பாதிச்சது இல்லையா தம்பி?"

"இல்லம்மா."

"ஊரெல்லாம் காட்டிட்டு இருந்தனே." பிறகு, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அந்த மனுசன்" என்றார்கள்.

அரபாபின் மகன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டதைச் சொன்னேன். அம்மா நிமிர்ந்தார்கள். நான் எதிர்பார்த்த எந்தக் கேள்வியையும் கேட்கவில்லை.

"அவங்க எம் மவனை உக்கார வச்சுப் பேசுனாங்களா?"

"ஆமாம்மா" என்றேன். அது பொய்யில்லை. வாங்கிக்கொண்ட பிறகு அவர் உன் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார். விருந்தாளிகளை உட்கார வைக்கும் பெரிய திவானியாவில் தனக்குப் பக்கத்திலேயே உன்னை உட்கார வைத்தார். வேலையாள் கொண்டுவந்த காப்பிக் கூஜாவை வாங்கித் தானே உனக்கு ஊற்றிக் கொடுத்தார். இதையெல்லாம் அம்மாவிடம் விடாமல் சொன்னேன். கம்பளம் என்ன நிறம் என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். அப்போதுதான் அவர்களுக்கு அழுகை வந்தது.

அதற்கு முன்னால் கேட்டுக்கு வெளியே நீ வெயிலில் நின்றதை நான் சொல்லவில்லை. தேய்த்த சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்வரை நின்றாய். அவர் சிரித்தபோதும் நின்றாய். என்னைத் திரும்பிப் பார்த்தபோதும் நின்றுகொண்டுதான் இருந்தாய். அதை அம்மாவுக்குத் தர எனக்கு மனம் வரவில்லை. அது என்னிடமே இருக்கிறது.